ஊரா, காலனியா

“ஐசொலேஷன் வார்டைக் கொண்டுபோய் வேற ஒரு நாட்டுக்குக் கீழ வெச்சிருக்கியே அமலா, நம்ம ஆஸ்பத்திரியை எந்த நாட்டுக்காரன் ஆள்றான்?”

ஆங்கிலத் தேர்வின் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார் மேலாளர் ஜெகதீசன். நான் பக்கத்தில் வருகைப் பதிவேட்டோடு நின்றிருந்தேன்.

“அது மிச்சமானது சார். காலனிக்குக் கோடு இழுத்துட்டேன், அது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு.”

“காலனிக்கு இன்னா இழுத்திருக்க? ‘மற்றவர்களிடமிருந்து ஒதுக்கி வைக்கப்பட்ட இடம்’. தப்பும்மா. வேறொரு நாடு ஆள்ற நாடுதான் காலனி. டிக்‌ஷனரியைப் பாரு.”

“வேலை கேட்டு வந்த அன்னிக்கு நீங்கதான சார் கேட்டீங்க, ‘விக்கிரவாண்டிப் பக்கம்னா ஊரா, காலனியா’ன்னு? எங்களை எந்த நாடு ஆளுதுன்னு தெரிஞ்சிக்கவா கேட்டீங்க?”

அவர் சிரிப்பு நின்றது. “சும்மா பேஜாரு பண்ணாத. ரெண்டு மார்க்கு கம்மி, அவ்ளோதான். ஜல்தி போய் வேலையைப் பாரு.”

திண்டிவனத்தில் நாங்கள் வேலை செய்த, ஒரு டாக்டரம்மா நடத்திய தனியார் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. உள்ளே வேலை செய்பவர்களே எழுதலாம் என்று ஆங்கிலத் தேர்வு ஒன்று வைத்தார்கள். இடப்பக்கம் சொற்கள், வலப்பக்கம் பொருள்கள். கோடு போட்டு இணைக்க வேண்டும். இந்த மாதிரித் தேர்வில் ஒரு கோடு தவறினால் இன்னொன்றும் சேர்ந்து தவறும். அமலா அக்காவுக்குப் போனது காலனி, ஐசொலேஷன் வார்டு என்ற அந்த இரண்டுதான். மற்ற எல்லாம் சரி.

அமலா அக்கா பன்னிரண்டாவது முடித்தவர். அதே படிப்போடு வந்த வேறு இருவரை மருந்துக் கடையில் உட்கார வைத்த ஜெகதீசன், இவர் “காலனிதான் சார்” என்றதும் துடைப்பத்தைக் கொடுத்தார். அந்த ஐசொலேஷன் வார்டையும் தினமும் துடைப்பவர் அவர்தான். அதன் பொருள் அவருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேர்வுக்கு அவர் படித்த விதத்தைப் பார்த்திருக்கிறேன். காலி மருந்துப் பெட்டி அட்டைகளைச் சீட்டுபோல வெட்டி, ஒன்றில் சொல்லும் மற்றொன்றில் பொருளும் எழுதிக் கலைத்துப் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஜோடி சேர்ப்பார். காவலாளி துரைக்கண்ணு எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, ரம்மியா?” என்பார்.

“ஆமாண்ணே. ஜோக்கர் ஒண்ணு கம்மியா இருந்துச்சு, நீங்க வந்துட்டீங்க.”

வாய்க்குக் குறைச்சல் இல்லாதவர். அன்று மேலாளர் அறையை விட்டு வந்தவர் நேராக வாளியையும் துடைப்பானையும் எடுத்தார். தாழ்வாரத்தைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடியும் அழுத்தித் துடைத்தார். நான் விழுப்புரத்தில் பெரிய பள்ளியில் படித்தவள். அங்கே இதே மாதிரித் தேர்வில் காலனிக்குச் சரியாகக் கோடு போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். என் தெருவை யாரும் கேட்டதில்லை. அதனால் கை தயங்கவில்லை. ஊருக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லுக்கு ஒரு பொருளைக் கொடுத்து, இத்தனை வருஷம் அதே பொருளில் ஆளைப் பிரித்துவிட்டு, தேர்வுத்தாளில் மட்டும் அகராதியைக் காட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

மாலையில் ஒரே பேருந்தில் திரும்பினோம். சுங்கச்சாவடியின் லாரி வரிசைக்குள் பேருந்து நின்றபோது பையிலிருந்து வெற்று மருந்து அட்டை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார்.

“கலை, நீ ரெண்டு மொழியும் படிச்சவ. எங்க பக்கம் காலனின்னா இன்னான்னு அந்தப் பேப்பர்ல இருந்த மாதிரியே இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதிக் குடு. நாளைக்கு டாக்டரம்மா மேசையில நானே வெக்கிறேன். மார்க்கு உண்டா இல்லையான்னு அவங்க சொல்லட்டும். ஒதுக்கி வெச்ச இடம்னு மட்டும் எழுதி வுட்டுடாத. யாரு ஒதுக்கி வெச்சாங்கன்னும் சேத்து எழுது.”