அண்ணனும் ஸ்ரீவைகுண்டத்துக் கத்தியும்

எங்கள் அண்ணன் இல்லாமல் ஒரு வருடம் கடந்துவிட்டது. பாளையங்கோட்டையில் தலைப்பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா சீக்கிரமே இறந்துவிட்டதால், சின்ன வயதிலேயே பள்ளி வேலையில் சேர்ந்து, தங்கைகள் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். தமக்கென்று அவர் சேர்த்துவைத்தவை பழைய பட்டாளத்துக் கத்திகள் மட்டும்தான்.

கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்ப்பார். துரு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, சாணை பிடித்துத் தேய்த்திருக்கிறார்களா, கைப்பிடி பிற்பாடு மாற்றியதா, எல்லாம் சொல்லிவிடுவார். ஆசையாகக் கொண்டுவந்தவரின் முகம் வாடினாலும் உள்ளதைத்தான் சொல்வார்.

ஒருமுறை மேலப்பாளையத்தில் பழைய இரும்புக் கடையில் ஒரு கத்தி வாங்கினார். கைப்பிடியில் தமிழில் ஒரு பெயர் கீறியிருந்தது. ஸ்ரீவைகுண்டத்துப் பக்கமிருந்து வந்தது என்றாராம் கடைக்காரர். அண்ணன் பல பேரிடம் விசாரித்து, அந்தப் பட்டாளத்துக்காரரின் மகளைக் கண்டுபிடித்தார். கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நானும் உடன் போனேன்.

எண்பதைத் தாண்டிய அந்த அம்மா கத்தியைத் தொடவே இல்லை. சண்டையிலிருந்து திரும்பிய அவருடைய அப்பா, ஒருநாள் அதை மனைவியின் கழுத்தில் வைத்துவிட்டாராம். மறுநாள் அவரே அதை ஆற்றில் எறிந்துவிட்டதாகச் சொன்னாராம். அதன் பிறகுதான் பிள்ளைகள் பயமில்லாமல் உறங்கினார்களாம். வெள்ளத்தில் ஒதுங்கி யார் கையிலோ கிடைத்திருக்கும் என்றார் அந்த அம்மா.

அண்ணன் பேசாமல் இருந்திருக்கலாம்.

"இது ஆத்துக்குள்ள கெடந்த கத்தி இல்லம்மா. இரும்புல ஒரு குழிகூட விழல. வருசக்கணக்கா யாரோ தேங்காண்ணெ போட்டுத் தொடச்சி வச்சிருக்காவ."

அந்த அம்மா கத்தியைப் பார்த்தபடி சொன்னார்.

"அப்பம், நாங்க உறங்குன வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கு."

கத்தியோடுதான் பஸ்ஸில் திரும்பினோம். அதன் பிறகு அண்ணன் எந்தக் கத்தியும் வாங்கவில்லை. யாராவது கொண்டுவந்து காட்டினால், கண் தெரியவில்லை என்று அனுப்பிவிடுவார். அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

கடைசி நாட்களில் நினைவு தப்பித் தப்பி வந்தது. என்னை அந்த அம்மா என்று எண்ணிக்கொண்டு, கையைப் பிடித்து, "அது ஆத்துலதான் கெடந்துது. நான் சரியாப் பாக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட செவிலியருக்கும், எங்களைத் தனியே விடாத தெருவாருக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்தன்று மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கும் நன்றி. அண்ணன் கடைசியில் சொன்னதை அவரிடம் சொன்னேன். பெட்டிக்குள் குனிந்து அண்ணன் நெற்றியில் கை வைத்து, "சரி ஐயா, அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.