கால் தேறும்வரை

தேயிலை விலை படுத்துக்கிடந்த காலம். நெல்லியாளம் பக்கம் நான் கிளார்க்காக இருந்த எஸ்டேட்டை மூடிவிட்டார்கள். பறிக்க ஆளில்லாமல் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன. வேலையற்ற நடுவயதுத் தனிக்கட்டை உருப்படியாக என்ன செய்வான்? வெளிநாட்டிலிருந்து மைத்துனன் அனுப்பிய ஜி.பி.எஸ். கருவியோடு புதையல் தேடப் போனேன். யாரோ ஒரு பயணி எங்கள் மலையில் டப்பா ஒன்றை ஒளித்துவைத்து, இடத்தைக் காட்டும் எண்களை இணையத்தில் போட்டிருந்தான். கண்டுபிடித்தால் உள்ளே ஒரு பொம்மையோ சாவிவளையமோ இருக்கும். இதற்காகப் படித்தவர்கள் மலையேறுகிறார்கள்.

துணைக்கு வந்தவர் அதே எஸ்டேட்டில் கங்காணியாக இருந்த நண்பர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர். டப்பா பக்கத்தில்தான் என்று கருவி சொன்னதும் நான் முந்திக்கொண்டேன். செடிகளை ஒழுங்காகக் கவாத்து வெட்டிய நாட்களில் மழைத்தண்ணீர் ஓடும் கான் பளிச்சென்று தெரியும். இப்போது கிளைகள் அதை மூடியிருந்தன. செயற்கைக்கோளுக்கு டப்பா தெரிந்தது, கான் தெரியவில்லை. வருஷக்கணக்காகக் கான் வெட்டக் கூலி எழுதிய எனக்கும் தெரியவில்லை. விழுந்தேன். கணுக்கால் முறிந்தது.

“அசையாதீங்க கிளாக்கரய்யா” என்றவர், ஓடிப்போய் மனைவியையும் டீக்கடைக்காரரையும் கூட்டிவந்தார். கொழுந்துச் சாக்குகளைக் கழிகளில் கோத்து, என்னைக் கிடத்தி இறக்கினார்கள்.

“ஏனுங்க, டப்பா கெடச்சுதுங்களா?” டீக்கடைக்காரருக்கு மூச்சு வாங்கியது.

“இல்லீங்க.”

“போச்சாதுங்க, விடுங்க. எங்களுக்கு ஒரு மூட்டை கெடச்சுது.”

மாவுக்கட்டோடு கிடந்த நாட்களில் நண்பர்தான் குளிக்க வெந்நீர் வைத்தார். அவர் மனைவி தேங்காய் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்தார். ராஜா மாதிரி இருந்தேன், டீக்கடைக்காரர் சொல்லும்வரை.

“உங்க கால் தேறட்டும்னுதானுங்க நிக்கறாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில ரெண்டு பேரையும் எப்பவோ வரச் சொல்லியாச்சு. எத்தன நாளைக்கு எடம் வெச்சிருப்பாங்க?”

தேறினால் அவர்கள் போய்விடுவார்கள். தேறாவிட்டால் அவர்கள் வேலை போய்விடும். அப்புறம் வாசல்வரை, குழாயடிவரை என்று சுவரைப் பிடித்து நடை பழகினேன். குழந்தை நடந்தால் வீட்டில் சிரிப்பார்கள். நான் நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

ஒரு நாள் சொன்னேன்: “கெளம்புங்க. பஸ் ஸ்டாண்டுக்கு நான் நடந்தே வர்றேன்.”

“நோவு இல்லியா?”

“இல்லீங்க.” இருந்தது.

பஸ் புறப்படும்போது அவர் மனைவி ஜன்னல் வழியாக, “அண்ணே, இனி டப்பா கிப்பான்னு போயிறாதீங்க” என்றார்.

“போவாரு” என்றார் நண்பர். “நீங்க விழுந்த எடத்துல அந்த ஒரு வரிசை, ஒரு நிரைய மட்டும் கவாத்து வெட்டி வச்சிருக்கேன். கான் தெரியும். அது வழியாவே போங்க.”

மழைக்குப் பிறகு ஊன்றுகோலோடு போனேன். கூலி போட ஆபீஸ் இல்லாத எஸ்டேட்டில் ஒரே ஒரு நிரை, இடுப்பளவுக்குச் சீராக வெட்டியிருந்தது. ஓரத்தில் கான், பளிச்சென்று. வெட்டிய கிளைகளில் கொழுந்து விட்டு, பறிக்கும் பதத்துக்கு வந்திருந்தது.

டப்பா வலப்பக்கம் என்றது கருவி. அதை அணைத்துவிட்டு, நிரை முடியும் இடம்வரை நடந்தேன். அதற்கப்பால் செடிகளெல்லாம் மரமாகியிருந்தன.