முகூர்த்தத்தை நிறுத்திய போட்டோகிராபர்

செல்வராஜ் அண்ணன் போய்விட்டார். காரமடையில் ஸ்டுடியோ வைத்திருந்தாரே, எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்குப் போட்டோ எடுத்தவர்... அவர்தான்.

நேற்று காலை பல்லடம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். ஓமப்புகையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஆஸ்துமா அட்டாக். இன்ஹேலர் இருந்த பை காரில், கார் அடுத்த தெருவில். ஆஸ்பத்திரி போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம்.

அவர் மனைவி போனில் சொன்னதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அந்தப் பையை ஏண்ணா காரில் வைத்தீர்கள்?

ஒரு விஷயம் சொல்கிறேன். இந்தப் பதிவைப் பார்க்கிறவர்களில் சொந்தக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பரவாயில்லை, படியுங்கள்.

எட்டு வருடத்துக்கு முன்பு துடியலூரில் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா. மாப்பிள்ளை வீட்டில் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள், இதை யாரும் கேட்கவில்லை. நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

"பம்பு அடிக்கற புள்ளைன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?" என்பார் அம்மா.

எங்கள் ஊர் மெடிக்கல் ஷாப்பில் இன்ஹேலர் வாங்கவே மாட்டோம். கடைக்காரர் சொந்தம், சாயங்காலத்துக்குள் சேதி ஊரெல்லாம் போய்விடும். பஸ் ஏறி கோயம்புத்தூர் போய் வாங்கி வருவோம். கல்யாண அலைச்சலில் அதுவும் முடியவில்லை. பழசை அழுத்தினால் புஸ்ஸென்று வருகிறதே, போதும் என்று இருந்துவிட்டோம்.

மணவறையில் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஓமத்தில் ஈரச் சுள்ளி... புகை நேராக என் முகத்துக்கு.

நெஞ்சு இறுக ஆரம்பித்தது, தலையைக் குனிந்துகொண்டேன். பொண்ணுக்கு வெட்கத்தைப் பாரு என்று பின்னால் யாரோ சிரித்தார்கள்.

வெட்கமாம்! உள்ளே போன மூச்சு வெளியே வரமாட்டேன் என்கிறது எனக்கு.

எதிரே நின்ற செல்வராஜ் அண்ணன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, மூச்சுக்கு ஏறி இறங்கிய என் தோளையே பார்த்தார். சட்டென்று கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, சித்த நிறுத்துங்க! பொண்ணு மூஞ்சி சரியா விழுகல. அம்மணி, எந்திரிச்சு ரூமுக்கு வாங்க, டச்சப் பண்ணோணும்."

யார் சொல்லியும் நகராத கல்யாணக் கூட்டம் போட்டோகிராபர் சொன்னால் வழிவிடும். என் மாமனாருக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது.

"முகூர்த்த நேரம் போவுதுங்க!"

"ரெண்டே நிமிசமுங்க. நாளைக்கு ஆல்பத்தப் பாத்துப்போட்டு என்னையத்தான் வைவீங்க."

ரூமில் நான், அம்மா, அவர். அம்மா இடுப்பில் சொருகியிருந்த இன்ஹேலரை எடுத்துக் கொடுத்தார். அடித்தேன். மறுபடி அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"எத்தன மாசமா இதையே அடிக்கறீங்க?"

"எட்டு மாசம் இருக்குமுங்க," என்றார் அம்மா.

"அட என்னுங்க நீங்க! மருந்து எப்பவோ தீந்துபோச்சு, வெறும் கேஸுதானுங்க வருது!"

தன் கேமரா பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். கர்ச்சீப்பில் துடைத்து நீட்டினார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கும் ஆஸ்துமா.

வெளியே கதவைத் தட்டுகிறார்கள். "உள்ள என்ன பண்றீங்க?" மாமனார் குரல். கைப்பிடி ஆடுகிறது. என் உதடு நீலமாகிவிட்டதைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"பேட்டரி மாத்தறனுங்க!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார். என்னிடம் மெதுவாக, "இழுங்கம்மணி... அப்படியே புடிங்க... இன்னொருக்கா. முகூர்த்தமெல்லாம் நிக்கும், நீங்க இழுங்க."

ஐந்தாறு முறைக்குப் பிறகு மூச்சு இறங்கியது. தாலி ஏறும்போது முகூர்த்தம் முடிய நாலே நிமிடம்.

என் கணவருக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே தெரிந்துவிட்டது. "அப்பா அம்மாவுக்கு மட்டும் வேண்டாம்" என்றார். எட்டு வருடமாகப் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில்தான் அடிக்கிறேன்.

போன வருடம் பாப்பாவின் பிறந்தநாளுக்குப் படம் எடுக்க வந்தார் அண்ணன். ஓடி விளையாடிய பாப்பா இருமியதும் கேமராவை இறக்கிவிட்டார்.

"அம்மணி, புள்ளைய டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"வெறும் சளிதானுங்கண்ணா."

"நெசமாலுமா? இல்ல, உங்க மாமியாரு பக்கத்துல இருக்கறாங்கன்னு சொல்றீங்களா?"

நான் கேக் வெட்டப் போய்விட்டேன்.

போன வாரம்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆஸ்துமாவேதான். இன்ஹேலரும், குழந்தைகளுக்கு அதில் மாட்டுகிற ஸ்பேசர் குழாயும் எழுதிக் கொடுத்தார். வாங்கி ஹேண்ட்பேகில் வைத்தேன்... ஆறு நாள். அத்தை கஷாயம் கொடுக்கிறார், பிள்ளை இருமிக்கொண்டே இருக்கிறாள், நான் பையின் ஜிப்பைத் திறக்கவில்லை. என்ன அம்மா நான்!

இன்று காலை போனை வைத்ததும் பாப்பாவை ஹால் சோபாவில் உட்கார வைத்தேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அத்தை திரும்பினார்.

"என்னம்மணி அது, புள்ள வாயில?"

"ஆஸ்துமாவுக்கு மருந்துங்க அத்தை."

"எங்கூட்ல யாருக்கும் அதெல்லாம் கெடையாதே."

"எனக்கு இருக்குதுங்க."

என்னையே பார்த்தார். "கல்யாணத்தப்பவேவா?"

"ஆமாங்க அத்தை."

எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இதை எழுதும்வரை திறக்கவில்லை. மாமனார் இன்னும் தோட்டத்திலிருந்து வரவில்லை.

நாலு மணிக்கு மயானத்துக்குக் கொண்டுபோகிறார்களாம், கிளம்பவேண்டும். பாப்பாவுக்கு அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி, அத்தை கண்ணில் படுகிற மாதிரி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணா.