அய்யாவின் பெயர்ப்பலகை வெட்டப்பட்ட விதம்

கோபத்தோடு எழுதுகிறவர் நடக்காத ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டால், நடந்தது முழுவதையும் பொய்யென்று தள்ளிவிட எதிராளிக்கு வழி கிடைத்துவிடும். அந்த வழியைத் திறந்துவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே நேரில் கண்டதையும் என் காதில் விழுந்ததையும் தவிர வேறெதுவும் இக்குறிப்பில் இராது. இதில் வரும் மனிதரை என் தந்தை 'சின்ன மொதலாளி' என்று அழைப்பார். நானும் அவரைச் சின்ன முதலாளி என்றே குறிப்பிடுகிறேன். மரியாதையால் அன்று, பெயரை எழுதினால் ஆள் யாரென்று சுற்றுவட்டாரத்துக்குத் தெரிந்துவிடும் என்பதால்.

அவருடைய தகப்பனாரின் கரிசல் காட்டில் பருத்தியும் கொத்தமல்லியும் விளைந்த காலமெல்லாம் என் தந்தை அங்கே கூலி வேலை செய்தவர்; அவரை நான் அய்யா என்றே அழைப்பேன். நான் அருப்புக்கோட்டையில் தமிழாசிரியை. பாலவனத்தம் போகும் சாலையோரத்தில் நான் வீடு கட்டியபோது அய்யா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: வாசலில் மரப்பலகையில் தம் பெயர் இருக்க வேண்டும். "பஸ்ஸுல போறவுக கண்ணுக்குத் தெரியணும்த்தா" என்றார். பிறர் காட்டில் பிறர் ஏவிய வேலையைச் செய்து எழுபது வயதைக் கடந்தவர், தம் பெயரை எங்கேனும் எழுதிப் பார்க்க விரும்பியது அதுவே முதல் முறை. வீட்டின் அடித்தளத்துக்கு வானம் தோண்டுகையில் வெட்ட நேர்ந்த வேம்பிலிருந்து பலகை அறுத்துவந்தோம். வெடிப்புகளை நீக்க இருபுறமும் இழைத்ததில் அது மெலிந்துபோயிற்று. தேறியது அந்த ஒரு பலகைதான். மதுரையில் கொடுத்து வெட்டலாம் என்றேன். சின்ன முதலாளி மரம் செதுக்கும் இயந்திரம் வாங்கியிருப்பதாகவும், அங்கேயே கொடுக்கலாம் என்றும் அய்யா சொன்னார். "நமக்குன்னா அவுக பாத்துச் செய்வாக."

முன்பு பருத்தி அடுக்கிய கிட்டங்கியின் ஒரு மூலையில், பொழுதுபோக்குக்காக வாங்கிய அந்தச் சிறிய இயந்திரம் மேசைமேல் இருந்தது. கிட்டங்கி வாசலில் அவருடைய குடும்பப் பெயர் வெட்டிய தேக்குப் பலகை தொங்கியது. அதன் எழுத்துகளுக்குள் என் சுண்டுவிரல் நுனி இறங்கியது. "வாப்பா" என்று என் தந்தையை வரவேற்ற அவருக்கு என் தந்தையைவிட முப்பது வயதேனும் குறைவு. என்னைப் பார்த்து, "டீச்சரம்மாவும் வந்திருக்காகளா? எழுத்துல தப்புக் கண்டுபிடிக்கவா?" என்றார். இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன; அய்யா உட்காரவில்லை. எங்களுக்குத் தாள் குவளையில் தேநீர் வந்தது; அவருக்கு எவர்சில்வர் தம்ளரில். வெளியார்க்குத் தாள் குவளை தருவது இன்று எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஆகவே இதைக் குற்றமாக எழுதவில்லை, கண்டதை எழுதுகிறேன்.

இயந்திரத்தைப் பற்றி அவர் பெருமையாகவே விளக்கினார். சிறிய பலகைகளைத் தனியாக உள்ளே விட முடியாது. இருபுறமும் விளிம்புக் கட்டை வைத்த ஒரு தட்டில் அவற்றை இறுக்கி, தட்டோடு சேர்த்து உள்ளே செலுத்த வேண்டும். அதை அவர் 'ஸ்லெட்டு' என்றார். வெட்டும் முனை எந்த இடத்தைத் தொட்டு நிற்கிறதோ, அங்கிருந்துதான் இயந்திரம் ஆழத்தைக் கணக்கிடும். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கணும். கட்டுன பலகைய நடுவுல அவுத்துட்டா முடிஞ்சுபோச்சு. திரும்பக் கட்டி ஓட்டுனா எழுத்து ரெட்டையாத் தெரியும்." இது அவர் வாயால் சொன்னது. என் தந்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் பலகையைத் தட்டில் இறுக்கியபோது விளிம்புக் கட்டைகள் அதைவிட உயர்ந்து நின்றன. அவர் முனையைக் கீழே இறக்கினார். அது வேம்பின் மேல் இறங்கவில்லை; கட்டையின் மேல் தொட்டு நின்றது. அதையே தொடக்கமாகக் கொள்ளுமாறு பொத்தானை அழுத்தி, ஆழம் நான்கு மில்லிமீட்டர் என்று கணினியில் இட்டார். "பலகையத் தொடலையே, கட்டையத்தான தொட்டுச்சு?" என்று கேட்டேன். "டீச்சர், இலக்கணத்த நீங்க பாருங்க. மிசின நான் பாத்துக்கிறேன்." அவருக்குச் சாதகமான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவருடைய தேக்குப் பலகை தடித்தது. இந்தத் தட்டில் வைத்தால் கட்டைக்குச் சமமாக நிற்கும். அதற்கு எதைத் தொட்டாலும் ஒன்றே. எங்கள் பலகை ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. நான்கில் மூன்று காற்றை வெட்டுவதிலேயே போய்விடும் என்பதை அறிய இயந்திரம் படித்திருக்க வேண்டியதில்லை.

அவ்வாறே நடந்தது. சீவல் விழவில்லை, மாவு போன்ற தூள்தான் பறந்தது. இயந்திரம் நின்றதும் அய்யா குனிந்து தம் பெயரின்மேல் விரலை ஓட்டினார். நகத்தால் கீறியது போலிருந்தது. இன்னும் நேரம் கடந்துவிடவில்லை. பலகை தட்டிலேயே இறுகியிருந்தது. முனையை இறக்கி மறுபடி ஓட்டினால் அதே எழுத்துகள் ஆழமாகிவிடும். "அவுத்துராதீங்க. இன்னொருவாட்டி கீழ எறக்கி ஓட்டுங்க" என்றேன்.

"எவ்வளவு ஆழம் வேணும் ஒங்களுக்கு? கோயில் கல்வெட்டா வெட்டுறோம்?"

"ஒங்க வாசல்ல தொங்குதுல்ல, அந்த ஆழம்."

அவர் என் தந்தையின் பக்கம் திரும்பினார். "ஏப்பா, ஒனக்கு இது பத்தாதா?"

"போதும் மொதலாளி" என்றார் அய்யா. பிறகு என்னிடம், "விடுத்தா" என்றார்.

சின்ன முதலாளி முதல் திருகைத் தளர்த்தினார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதையும் தளர்த்தினார். பலகையை எடுத்து, நீட்டிய என் கையைத் தாண்டி, அய்யாவிடம் கொடுத்தார்.

எழுத்துகளில் கறுப்பு வண்ணம் நிரப்ப ஆளை அழைத்தேன். வண்ணம் நிற்கப் பள்ளமில்லை. வழிந்ததைத் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து போயிற்று. மாலை வெயில் சாய்ந்து விழும் சிறிது நேரம் மட்டும் கீறல்களில் நிழல் கட்டிப் பெயர் தெரியும். மற்ற வேளைகளில் சாலையிலிருந்து பார்க்க, அது கறை படிந்த வெறும் பலகை. வேறு மரத்தில் மதுரையில் புதிதாக வெட்டிவருகிறேன் என்று அய்யாவிடம் சொன்னேன். "வேணாம். இதே இருக்கட்டும்" என்றார். புதுமனை புகுவிழாவுக்குச் சின்ன முதலாளி வந்தார். வாசலில் நின்று, "நம்ம மிசின்ல வெட்டுனதாக்கும்" என்று கூட வந்தவர்களுக்குக் காட்டினார். அவர்களுள் ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பலகையருகே போய், "என்ன எழுதிருக்கு?" என்று கேட்டார். சின்ன முதலாளி சிரித்தார். நான் அவரை 'வாங்க' என்று சொல்லவில்லை. அதற்காக உறவினர்கள் என்னைக் கடிந்தார்கள். இன்று வந்தாலும் சொல்லமாட்டேன்.

அய்யா இறந்துவிட்டார். சாலையில் பேருந்துகள் போகின்றன. படிக்க அங்கே ஒன்றுமில்லை. சென்ற வாரம் பொட்டலம் கொண்டுவந்த இளைஞர் தொலைபேசியில் வழி கேட்டார்: "பேரு இல்லாத போர்டு மாட்டிருக்கே, அந்த வீடாக்கா?" ஆம் என்றேன்.

பலகையை அவர் தெரிந்தேதான் அவிழ்த்தார். அதில் எனக்கு ஐயமில்லை. முனையைக் கட்டையின்மேல் தொடவைத்தது, தேக்குப் பலகைக்குச் செய்த பழக்கத்தாலா, இவனுக்கு இவ்வளவு போதும் என்ற எண்ணத்தாலா என்பது எனக்குத் தெரியாது. 'போதும்' என்று என் தந்தை சொன்னது அவருக்கு அஞ்சியா, என்னை அங்கிருந்து அழைத்துப் போகவா, உண்மையிலேயே போதுமென்று நினைத்தா என்பதும் தெரியாது. இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "விடுத்தா" என்றார்.