கலாவை வேலையற்றவள் ஆக்கினேன்

பொய் எழுதினேன். அரசாங்கக் கணக்கில், தெரிந்தே, என் கையால் எழுதினேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

வீடு வீடாகப் போய், யார் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டு எழுதும் குழுவுக்கு நான் மேற்பார்வையாளர். வீடு தாம்பரத்தில், எனக்கு ஒதுக்கிய பகுதி பம்மல்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், அங்கே கலா என்பவளின் வாசலில் அவள் கணவன்தான் பதில் சொன்னான். "அது வூட்லதான் கீது மேடம். வேலைக்கெல்லாம் போவல."

அவன் தோளுக்குப் பின்னால் கலா தையல் மிஷினில் ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தாள்! கம்பெனி கொடுத்த மூட்டை பக்கத்தில் கிடந்தது. தவழும் மகளின் காலைப் பழைய துப்பட்டாவால் கட்டிலோடு கட்டியிருந்தாள். அவிழ்த்துவிட்டால் குழந்தை பசை டின்னில் கைவிட்டுவிடும்.

எல்லாவற்றையும் பார்த்தேன்... பார்த்துவிட்டு, டேப்லெட்டில் 'வீட்டு வேலை மட்டும்' என்பதைத் தொட்டேன்.

ஏன் செய்தேன்? 'தொழில்' என்று தொட்டால் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும். கூலி என்ன, எத்தனை மணி நேரம், வேலை கொடுப்பவர் யார்... 'வீட்டு வேலை' என்றால் ஒரே தொடலில் அடுத்த வீடு. வெயில் மண்டையைப் பிளந்தது. குரோம்பேட்டைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து என் மகனை அழைத்துவர நேரமாகியிருந்தது. இதெல்லாம் ஒரு காரணமா? சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கேவலம், இந்தக் குறுக்குவழியை என் குழுவில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தேன்!

பிறகு கணக்கெடுக்கும் அரசுத் துறைகள் எல்லாம் கைகோத்தன. எல்லோருக்கும் ஒரே வரையறை, ஒரே குறியீடு, பதிவுகளைச் சரிபார்க்கத் துணைக்குச் செயற்கை நுண்ணறிவு. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்க மாதிரிப் பதிவுகள் வேண்டுமாம். யாருடையதை எடுத்தார்கள் தெரியுமா? எங்களுடையதை! முரண் இல்லை, விடுபடல் இல்லை என்று பாராட்டினார்கள். கூட்டத்தில் எழுந்து நின்று கும்பிடு வேறு போட்டேன்.

ஒரு தெருவில் வேலை செய்யும் தாய்மார் எத்தனை பேர் என்று பார்த்துத்தான் குழந்தைகள் காப்பகம் ஒதுக்குகிறார்கள். கலாவின் தெருவுக்கு ஒதுக்கவில்லை. நான் பார்க்காத ஊர்களில், என்னிடம் படித்த அந்த இயந்திரம் இன்னும் எத்தனை கலாக்களை அழித்துக்கொண்டிருக்கிறதோ!

இந்த ஆண்டு மீண்டும் அவள் வீட்டுக்குப் போனேன். இம்முறை உண்மையாகவே 'ஷூ தையல்' என்று பதிந்தேன். சத்தியமாகப் பதிந்தேன்! திரை சிவந்தது. 'இப்பகுதியின் பதிவுகளோடு பொருந்தவில்லை. வீட்டு வேலை மட்டும் என மாற்றவா? மறுத்தால் பழைய பதிவுகள் மறு ஆய்வுக்கு அனுப்பப்படும்.'

பழைய பதிவுகள்... அத்தனையும் என் பெயரில்! வேலை போய்விடும். என் மகனை எப்படி வளர்ப்பேன்? விரல் 'மாற்று' என்பதையே தொட்டது.

கலா மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "மேடம், பசங்கள பாத்துக்குற இடம் எங்க தெருவுக்கு வருமா? என் தையல் வேலையையும் எழுதிக்கினீங்க இல்ல?"

"எழுதிட்டேன்மா."

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். மூத்தவள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். இப்போது கட்டிலோடு கட்டியிருந்தது அவள் தம்பியை. அதே துப்பட்டா.