அண்ணாவின் குளிசையும் நாட்டின் கடனும்

டெக்சாஸில் எங்கள் ஃபிரிஸ்கோ வட்டாரத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக் என்றால், சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் ஏதாவது ஒரு நாட்டைத் திருத்தியாக வேண்டும். அன்று மாட்டிக்கொண்டது நான் பிறந்த நாடு. 2022ஆம் ஆண்டு மே மாதம். வாங்கிய கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அன்று நாங்கள் கூடிய வீட்டு அங்கிள் சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, மகனோடு வந்து தங்கியிருப்பவர். பொழுது போகாமல் டிவியில் ஸ்லைடு போட்டு வகுப்பெடுப்பார். அன்றைய முதல் ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் ‘இலவசங்களின் விலை’ என்று போட்டிருந்தார். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

நான் யாழ்ப்பாணத்துக்காரி, கல்யாணம் செய்தது ஈரோட்டுக்காரரை. அதனால் இந்தக் கூட்டத்துக்கு இலங்கை என்றால் நான்தான். கிரிக்கெட்டில் தோற்றாலும், மீனவர்களைப் பிடித்தாலும், நாடே திவாலானாலும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். ஏதோ நான் போய்க் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியதுபோல.

“அரிசி ஃப்ரீ, படிப்பு ஃப்ரீ, ஆஸ்பத்திரி ஃப்ரீ. இப்படி ஃப்ரீ ஃப்ரீன்னு குடுத்தா கடைசியில ஜனங்க தெருவுலதான் நிப்பாங்க. நம்ம தமிழ்நாட்டுக்கும் இதுதான் வார்னிங்” என்றார் அங்கிள். தலைகள் ஆடின. முப்பது வருடக் கடன் இல்லாமல் வீடு வாங்கிய ஒரு தலைகூட அந்த ஹாலில் கிடையாது. வாசலில் நின்ற கார்களும் கடன்தான். தாங்கள் வாங்கினால் அது பிளானிங், அடுத்தவன் வாங்கினால் ஊதாரித்தனம்.

நான் சமையலறையில் சாம்பாரைச் சூடாக்கிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. இங்கே சாயங்காலம், அங்கே மறுநாள் காலை. காலை வேளையில் அவர் அழைக்கிறவரே இல்லை.

“மச்சாள், பயப்பிடாதேங்கோ. உங்கட அண்ணா மண்ணெண்ணெய்க் கியூவில நிண்டவர், வலிப்பு வந்து விழுந்திட்டார்.”

அண்ணா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ராணுவம் அடித்த ஷெல் விழுந்தது. துண்டொன்று தலைக்குள் போனது. எடுத்துவிட்டார்கள், ஆனால் வலிப்பு தங்கிவிட்டது. அதற்கு நாள் தவறாமல் குளிசை போட வேண்டும். இந்தியத் தமிழில் சொன்னால் மாத்திரை. மாதம் ஒரு தடவை அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனால் சும்மா கொடுப்பார்கள். அந்தக் குளிசையின் தயவில்தான் அண்ணா படித்தார், கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் வேலைக்குப் போனார், கல்யாணம் செய்தார், தைரியமாகச் சைக்கிளும் ஓட்டினார். வலிப்பு என்பதையே நாங்கள் மறந்திருந்தோம்.

“குளிசை போட்டவரா?” என்று கேட்டேன்.

“கிளினிக்கில இல்லையெண்டிட்டினம். வெளியில பார்மசி எல்லாத்திலயும் கேட்டாச்சு. இருந்ததைப் பாதி பாதியா உடைச்சுக் குடுத்தனான். முடியாமல் இழுத்துக்கொண்டு போகலாமெண்டு நினைச்சன்.”

வெங்காயம் விலை ஏறினால் பாதி போடுவோம், கேஸ் தீர்கிற நேரம் ஒரு வேளை சமைப்போம். போர்க்காலத்தில் குளிக்கிற சவர்க்காரத்தைக்கூடத் துண்டாக வெட்டி வைத்துப் பாவித்த குடும்பம் எங்களுடையது. எதையும் பாதியாக்கி நாளைக் கடத்துவது எங்கள் ஊர்ப் பெண்களின் கைப்பழக்கம். வலிப்புக் குளிசையைப் பாதியாக்கக்கூடாது என்று அண்ணிக்கு யாரும் சொல்லவில்லை. கியூவில் நின்றவர்கள் அண்ணாவின் கையில் சாவிக்கொத்தைத் திணித்துப் பிடித்திருக்கிறார்கள். அவருடைய கேனை வரிசையிலேயே வைத்து அவருடைய இடத்தையும் காத்து வைத்திருக்கிறார்கள். அண்ணி அழாமல் இதையெல்லாம் சொன்னார், கடைசியில் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை என்றார்.

நான் ஹாலுக்கு வந்தபோது அங்கிள் கடைசி ஸ்லைடில் இருந்தார். “ம்மா, நீங்க அந்த ஊரு. ஃபர்ஸ்ட் ஹேண்டா ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்” என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விடு கண்ணு, அவரு தெரியாம பேசறாரு” என்று கையைப் பிடித்தார். நான் கையை உதறிவிட்டேன். கோபம் வந்தால் என் பேச்சு தானாக யாழ்ப்பாணத்துக்குப் போய்விடும்.

“எங்கட அப்பா பள்ளிக்கூடம் போன காலத்திலயே படிப்பு ஃப்ரீ, ஆஸ்பத்திரி ஃப்ரீ, அங்கிள். அதால நாடு விழேல்லை. சண்டைக்குக் கடன் வாங்கினாங்கள். பிறகு பிளேன் வராத ஏர்போர்ட் கட்டக் கடன் வாங்கினாங்கள். எல்லா அதிகாரத்தையும் ஜனாதிபதியெண்ட ஒரு கதிரைக்குக் குடுத்து, அந்தக் கதிரையை ஒரு குடும்பத்துக்குக் குடுத்தாங்கள். அவங்கள் காசுள்ளவனுக்கு வரியைக் குறைச்சாங்கள். தோட்டக்காரனுக்குப் பசளையை, நீங்கள் சொல்லுற உரத்தை, ஒரேயடியா நிப்பாட்டினாங்கள். ஏனெண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. எங்கட அண்ணாக்கு அந்த நாடு ஃப்ரீயாத் தந்தது ரெண்டே ரெண்டு. ஒண்டு தலையில அடிச்ச ஷெல். மற்றது வலிப்புக் குளிசை. ஷெல்லைக் கடன் வாங்கி அடிச்சாங்கள். இப்ப கடனெண்டு சொல்லிக் குளிசையை நிப்பாட்டிப்போட்டாங்கள். இதையும் உங்கட ஸ்லைடில போடுங்கோ.”

யாரோ டிவியை அணைத்தார்கள். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மாத்திரை பேரு என்னம்மா?” என்று மெல்லக் கேட்டார். நல்ல மனிதர்தான். அது தெரிந்தும் எனக்குக் கோபம் தணியவில்லை. ஸ்லைடு போடுகிறவர்கள் நல்ல மனிதர்களாக இருப்பதால் கியூவில் விழுந்தவனுக்கு என்ன லாபம்?

இதே மாநிலத்தில் பேர்லேண்டில் இருக்கும் டாக்டர் நண்பரிடம் கேட்டோம். பார்க்காத நோயாளிக்கு இங்கே மருந்து எழுதினால் லைசென்ஸ் போய்விடும் என்றார். அந்தக் குளிசை எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட டிரைவில் இருக்கும் மருந்துக்கடையில் அலமாரி நிறைய இருந்தது. கடைசியில் ஈரோட்டு நாத்தனார்தான் தனக்குத் தெரிந்த டாக்டரைப் பிடித்து, மருந்து வாங்கி, கொழும்புக்குப் போகிற ஆள் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் எங்கள் வாட்ஸாப் குழுவும் களத்தில் இறங்கியது. இலங்கையில் பால்மாவுக்கும் தட்டுப்பாடு என்று யாரோ செய்தி போட, அடுத்த வாரம் எங்கள் கராஜில் பேபி ஃபார்முலா டப்பாக்கள் வந்து குவிந்தன. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்குப் பால் என்றால் வாசலுக்கு வரும் பாக்கெட். மாவைக் கரைத்துக் குடிப்பது கைக்குழந்தை மட்டும்தான். எங்கள் ஊரில் கிழவர்கூடத் தேநீருக்குப் பால்மா என்ற பால் பவுடரைத்தான் போடுவார். அந்த மாவையும் டாலர் கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு அது. பச்சைப் புல்லுக்குக் குறைவில்லாத தீவில் ஆட்சிக்கு வந்த ஒருத்தனுக்கும் ஒழுங்காக மாடு வளர்க்க வழிசெய்யத் தோன்றவில்லை. போதாததற்கு அந்த மாதம் டெக்சாஸிலேயே ஃபார்முலா கிடைக்காமல் தாய்மார் கடை கடையாக அலைந்தார்கள். எங்கள் ஆன்ட்டிகள் போய் மிச்சமிருந்ததையும் அள்ளி வந்திருந்தார்கள். அத்தனையையும் திருப்பி இங்கிருக்கும் குழந்தைகளுக்கே கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். உதவி செய்யப் போனால் இலங்கைக்காரிக்குத் திமிர் என்று ஒரு ஆன்ட்டி சொன்னதாகக் காதில் விழுந்தது. திமிர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த நாட்களில் வெளிநாட்டில் இருக்கும் எங்களிடம் டாலர் அனுப்பும்படி இலங்கை அரசு கேட்டது. எந்தச் சனத்தின் மேல் ஷெல் அடித்ததோ, எந்தச் சனம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலும் விமானமும் ஏறியதோ, அதே சனத்திடம் கை நீட்டினார்கள். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல், தாய்நாட்டுக்கு உதவுங்கள் என்றார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. போனை எறிந்தால் அண்ணி எப்படி அழைப்பார் என்ற ஒரே காரணத்தால் எறியவில்லை.

நாத்தனார் கொடுத்துவிட்ட குளிசை கொழும்பில் இறங்கியது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு வர வேண்டிய பஸ்ஸுக்கு டீசல் இல்லை. பொதி கொழும்பில் கிடந்தபோதுதான் அண்ணாவுக்கு இரண்டாவது தடவை வந்தது. அது நிற்காத வலிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ கிடைக்கவில்லை, ஆட்டோக்காரரும் பெட்ரோல் கியூவில்தான் நின்றார். அடுத்த தெருக்காரர் தன் மோட்டார் சைக்கிளின் டாங்கை உலுக்கிப் பார்த்துவிட்டு, அண்ணாவை நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

உயிர் மட்டும் தப்பியது. பொதியும் பிறகு வந்து சேர்ந்தது. அண்ணா இன்றைக்கும் நேரத்துக்குக் குளிசை போடுகிறார், முழுக் குளிசை. கிளினிக்கில் இப்போது தட்டுப்பாடு இல்லையாம். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்கள் உட்கார்ந்து பேசி, தவணையை நீட்டி, ஒப்பந்தம் போட்டு முடித்துவிட்டார்கள். போன மாதம் அங்கிள் புதிதாக ஒரு ஸ்லைடு அனுப்பியிருந்தார். இந்தத் தடவை பச்சை எழுத்து, ‘மீண்டெழுந்த இலங்கை’. கீழே எனக்கென்று கைகூப்பும் படம் ஒன்றும் போட்டிருந்தார்.

ஒவ்வொரு வாரமும் அண்ணி போனை அண்ணாவின் காதில் வைக்கிறார்.

“ஆர் கதைக்கிறது?” என்கிறார் அண்ணா.

“நான், தங்கச்சி.”

“எந்த வீட்டுத் தங்கச்சி?” என்று மரியாதையாகக் கேட்கிறார்.