சயனைடு மண்ணும் எங்க ஊட்டாண்ட புங்க மரமும்

எம் மருமவ ஞாயித்துக்கெழம மட்டும்தான் ஊட்ல இருப்பா. மத்த நாளெல்லாம் கோரமண்டல் ஸ்டேசன்ல விடிகால வண்டி ஏறி பெங்களூரு போனா, வெளக்கு வெச்சப்புறம்தான் வருவா. எனக்கு எழுதப் படிக்க வராது. அதனால இன்னிக்கி நான் பேசப் பேச அவ எழுதிக்கினு கீறா. நடுவுல நடுவுல சிரிக்கிறா. சிரிக்கட்டும், எனக்கும் இப்ப சிரிப்புதான் வருது. அப்ப வந்தது வயித்தெரிச்சல்.

எங்க லைன்னா, தங்க மைன்ஸ் ஓடன காலத்துல கம்பெனி வரிசையா கட்டிக் குடுத்த ஊடுங்க. செவுத்தோட செவுரு, மேல தகரம். மத்தியானத்துல அந்தத் தகரத்துக்கு அடியில ஒக்காந்தா அடுப்புல வெச்ச தோசக்கல்லுக்குக் கீழ ஒக்காந்தாப்பல இருக்கும். எங்க ஊட்டுக்காரரு மீச மொளச்ச வயசுல அண்டர்கிரவுண்டு போனவரு, மைன்ஸ் மூடறவரிக்கும் போனாரு. நெஞ்சுல அந்தத் தூசி பூந்துக்குது. உள்ள ஒக்காந்தா மூச்சு வாங்கும். அதுக்குன்னே ஆண்டவன் உட்டாப்பல வாசலுக்கு எதுத்தாப்பல ஒரு புங்க மரம். காலைல பத்து மணிக்கு அதுக்கடியில ஒரு பிளாஸ்டிக் சேரு போட்டு ஒக்கார வெச்சேன்னா வெயிலு எறங்கற வரிக்கும் அங்கதான். சோறு, காப்பி, மாத்திர எல்லாம் அங்கதான். மரம் இருக்கங்காட்டிதான் மனுசன் இருக்கறாரு. இத மனசுல வெச்சிக்கோங்க.

இப்ப ரோட்டுக் கதைக்கு வரேன். எங்க லைன் ரோடுல எப்பவோ தாரு போட்டது. அப்புறம் குழி. குழின்னா கால் வெக்கற குழி இல்ல, ஆடு படுத்துக்கற குழி. முனிசிபாலிட்டிக்குப் போனா, இது கம்பெனி எடம்மா, நாங்க கைய வெக்க முடியாதுன்றாங்க. கம்பெனி ஆபீசுக்குப் போனா அங்க ஒரே ஒரு வாட்ச்மேனு, மைன்ஸே மூடியாச்சு ரோடு எதுக்குன்னு கேக்கறான். ரோட்டு மேல நாங்க நடக்கறோம்டா, மைன்ஸா நடக்குது? இப்படி மாறி மாறி நடந்ததுலயே எஞ் செருப்பு தேஞ்சிப்போச்சு. கடைசில முனிசிபாலிட்டில ஒரு அம்மா, மழ முடியட்டும் தாரு போடுவாங்கன்னாங்க. எந்த மழன்னு சொல்லல. அங்கதான் நான் ஏமாந்தேன்.

அந்த வாரமே பக்கத்து ஊட்டு அக்கா மவன் வண்டியோட குழில உழுந்து மொழங்கால பேத்துக்கினான். எனக்கு ரோசம் வந்துச்சு. அக்கா, இனிமே எவனையும் கேக்க வாணாம், நம்மளே ரொப்பிடலாம்னேன். எதாலன்னு அக்கா கேட்டா. எதுத்தாப்பல மலையாட்டம் குமிஞ்சிக் கெடக்குதே சயனைடு மண்ணு, அதாலன்னேன்.

வெளியூரு ஆளுங்களுக்குச் சொல்லிடறேன். சயனைடு ஊத்தித் தங்கத்த எட்த்துக்கினு மீதிய கொட்டின மண்ணு அது. சாம்பக் கலருல மாவாட்டம் இருக்கும். காத்து காலத்துல பறந்து வந்து கொழம்புலயும் உழும், காயப்போட்ட துணிலயும் உழும். எங்க அம்மா காலத்துலருந்து அத ஊட்ட உட்டுப் பெருக்கித் தள்றதே எங்களுக்கு வேல. அது ஒரு நாளாவது ஒதவட்டுமேன்னு நெனச்சேன். இன்னொன்னும் கீது. எங்க ஊட்டுக்காரரு மரத்தடியில ஒக்காந்துக்கினு ஓயாம சொல்வாரு: அண்டர்கிரவுண்டுல கல்லு எட்த்த காலி எடத்த சும்மா உட மாட்டோம், இந்த மண்ணத் தண்ணில கரச்சி பைப்புல உட்டு ரொப்புவோம், காஞ்சா பாறையாப் பூடும்னு. அடியில அவ்ளோ பெரிய குழிய ரொப்பற மண்ணு எங்க ரோட்டுக் குழிய ரொப்பாதா? யோசன என்னுதா அவருதான்னு நீங்களே சொல்லுங்க.

போனோம். அங்க ஒரு போர்டு நட்டு வெச்சிருந்தாங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து ஊட்டு அக்கா எட்டாங் கிளாசு. அவ அந்த போர்டு மேலயே ஸ்வெட்டர கழட்டி மாட்டிட்டு மண்ணு வாரினா. ரெண்டு பேரும் இரும்புப் பாண்டுல சொமந்து, நாலு நாளு, குழியெல்லாம் ரொப்பி, தண்ணி தெளிச்சி, காலால மிதிச்சி உட்டோம். காஞ்சதும் பாக்கணும் நீங்க, சிமிட்டி போட்ட கூடமாட்டம் இருந்துச்சு. ஆண்டர்சன்பேட்டலருந்து மீன் கொண்டார ஆளு வண்டிய நிறுத்தி, யாரு பாட்டி காண்ட்ராக்டுன்னு கேட்டான். நாந்தான்னேன். ஒரு வாரம் நான் தலைய நிமுத்திக்கினு நடந்தேன்.

அப்புறம் மழ. ரெண்டே மழ. குழியில போட்டதெல்லாம் கரஞ்சி சாம்பத் தண்ணியா ஓடிச்சு. எங்க போச்சுன்னு நான் கேக்கல. குழி திரும்பி வந்துடிச்சேன்னுதான் ஆத்திரம். எங்க வாசலாண்ட சாக்கட மூடி பாதி ஒடஞ்சி கெடக்கும். தண்ணியெல்லாம் அதுக்குள்ளதான் எறங்கிச்சு. கண்ணால பாத்தேன், மண்டைல ஏறல.

மழ நின்ன பத்தாம் நாளு அந்த மூடி வழியா சாக்கட மேல வர ஆரம்பிச்சுது. லைன் பூரா நாத்தம். மறுபடியும் ஆபீசு, மறுபடியும் அதே பேச்சு. முனிசிபாலிட்டில போயி ஒக்காந்துக்கினேன், எழுந்துக்க மாட்டேன்னேன். மூணாம் நாளு இஞ்சினீரு எங்க லைனுக்கு வந்தாரு. சின்ன வயசு, கன்னடத்துக்காரரு, தமிழும் பேசறாரு, பாட்டின்றத மட்டும் அஜ்ஜின்னுவாரு. உறிஞ்சற வண்டி வந்துச்சு, கொழாய உட்டு உறிஞ்சுது, ஒண்ணும் வரல. அவரு சுத்திப் பாத்தாரு, மரத்தப் பாத்தாரு.

"அஜ்ஜி, வேரு பைப்புக்குள்ள போயிருக்கு. மரத்த எடுத்தாதான் ஆகும்."

சொல்லிட்டு மரத்துல செவப்பு பெயிண்டால ஒரு நம்பரு போட்டு, அடுத்த வாரம் ஆளு வரும்னுட்டுப் பூட்டாரு. சாக்கடைக்கு ஆளு கூப்ட போயி மரத்துக்கு ஆளு கூட்டாந்துட்டேன்.

எங்க ஊட்டுக்காரரு எழுந்து உள்ள போயி கடப்பாரைய எட்த்தாந்தாரு. அவரால அதத் தூக்கவே முடியாது, இழுத்துக்கினு வந்தாரு. மூடியத் தள்ளச் சொல்லி, பைப்பு வாயில கடப்பாரைய உட்டு ரெண்டு தட்டு தட்டுனாரு. காத வெச்சிக் கேட்டாரு. இன்னும் ரெண்டு தட்டு. மைன்ஸ்ல கூரைய இப்படித்தான் தட்டிப் பாப்பாங்களாம், சத்தத்துலயே பாற நிக்குமா உழுமான்னு தெரியுமாம். அப்புறம் கடப்பார மொனைல ஒட்டுனத வெரலால தேச்சிப் பாத்தாரு. என்னப் பாத்தாரு.

"வேரு இல்லமே. வேருன்னா மெத்துன்னு குடுக்கும். இது மண்ணு. நல்லா செட்டாயிக்குது." மூச்சு வாங்கிட்டு சொன்னாரு: "நாங்க ரொப்புனதுகூட இப்படி செட்டாவல."

நான் சீலத் தலப்ப வாயில வெச்சிக்கினேன். பக்கத்து ஊட்டு அக்காவ கூப்ட்டு சொன்னேன், அவளுக்கு மொகம் செத்துப்போச்சு. வாய தொறக்காதன்னா. அப்பத்தான் சொல்றா, அந்த போர்டுல மண்ணு எடுத்தா கேஸுன்னு எழுதிக்குதாம். அடிப்பாவி, ஸ்வெட்டர மாட்டும்போது சொல்லக் கூடாதான்னேன். நீ அவ்ளோ குஷியா வாரினியே, எப்படி சொல்றதுன்றா.

பேசாம இருந்தா பழி மரத்து மேல. பேசுனா என் மேல. மரத்தடியில அவரு ஒக்காந்திருக்கறாரு, தல மேல செவப்பு நம்பரு. அதப் பாத்துக்கினு எத்தினி நாளு சும்மா இருப்பேன்? ஞாயித்துக்கெழம மருமவளண்ட சொன்னேன். அவ ஒரு மனு எழுத ஒக்காந்தா, கன்னடத்துல. காரணம் இன்னான்னு போடட்டும் அத்தன்னு கேட்டா. நாந்தான் கொட்டுனேன்னு போடுன்னேன். அக்கா பேரு வாணாம், அவ மவனுக்குப் பொண்ணு பாக்கறாங்க. அடியில கைநாட்டு வெச்சேன்.

மறுநாளு முனிசிபாலிட்டில இஞ்சினீரு அதப் படிச்சாரு. திருப்பியும் படிச்சாரு. நான் கைய கட்டிக்கினு நிக்கறேன், போலீஸ் ஸ்டேசனுக்கு எந்த ரோட்டுல கூட்டிப்போவாங்கன்னு யோசிச்சிக்கினு.

"யாரு சொன்னாங்க அஜ்ஜி, இந்த மண்ண போடச் சொல்லி?"

"யாரும் சொல்லல. நீங்க போடலன்னுதான் நான் போட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கினாரு. மனுவ மடிச்சி மேசைக்குள்ள வெச்சாரு. கேஸப் பத்திப் பேசவே இல்ல. நானும் கேக்கல.

மரம் வெட்ட வந்த ஆளுங்க ரோட்ட வெட்டுனாங்க. ஆளு உயரத்துக்குப் பள்ளம். பைப்ப ஒடச்சா உள்ளருந்து கம்பம் கம்பமா வருது மண்ணு, சாம்பக் கலருல, வழவழன்னு. லைன் சனமெல்லாம் வந்து அதப் பாத்துட்டு என்னப் பாத்துச்சு. மரத்து வேரு ஒண்ணுகூட பைப்பாண்ட வரல. புது பைப்பு போட்டாங்க, தண்ணி போவுது, நாத்தம் நின்னுச்சு. அப்புறம் பள்ளத்த மூடாம பூட்டாங்க.

இன்னியோட ரெண்டு மாசம். கேட்டா, பைப்பு எங்களுது, ரோடு கம்பெனிதுன்றாங்க. பள்ளத்துமேல ஒரு பலகைய போட்டுத்தான் மருமவ வேலைக்குப் போறா. மரத்துல நம்பரு இன்னும் அழியல. அதுக்கடியில சேரு, சேர்ல அவரு. பள்ளத்தப் பாக்க பாக்க எனக்குக் கையி அரிக்குது. எதுத்தாப்பல அவ்ளோ மண்ணு சும்மா கெடக்குது. ஆனா நான் துணி தொவைக்கக்கூட பாண்ட எட்த்தா போதும், மரத்தடியிலருந்து அவரு இருமறாரு. நெஞ்சு இருமலு எது, எனக்காவ இருமறது எதுன்னு எனக்குத் தெரியாதா? பாண்ட கீழ வெச்சிடறேன்.